பிலாத்துவை நாம் ஏன் நல்லவனாக்குகிறோம்? பாஸ்கா நாடகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், பாஸ்கா நாடகக் குழுவினருக்கும்,

வரும் பெரிய வெள்ளிக்கு, இயேசுவின் பாடுகளைக் காட்டும் நம் பாஸ்கா நாடகத்தைப் பழைய ஏட்டின்படியே, ஒரு வரி மாறாமல் நடத்துவது என்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட ரோம ஆளுநர் பிலாத்தின் அரண்மனைக் காட்சியில் "இவனுடைய இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும்" என்று கத்தும் கூட்டத்தில் இந்த முறை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளையும் நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். நான் எழுதிக் கொடுத்த திருத்தங்கள் அந்தக் கூட்டத்தில் வாசிக்கப்படவே இல்லை. ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவன் நான். இந்த முடிவுக்கு என்னால் வாய்மூடித் தலையாட்ட முடியாது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம் மேடையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிலாத்து ஊதாப் பட்டும் ஜிகினாக் கிரீடமும் அணிந்து வருகிறார். குரல் கனிவாக இருக்கும். பித்தளைத் தாம்பாளத்தில் கையைக் கழுவும்போது மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் அடிக்கிறோம். யூதத் தலைமைக்குரு கயபாவுக்கு இரண்டு பக்கமும் கொம்பு வைத்த தொப்பி. யூதர் கூட்டத்துக்குக் கறுப்பு அங்கி, ஒட்டுத் தாடி, மாவில் பிசைந்து ஒட்டிய வளைந்த மூக்கு. இயேசுவுக்கு வெள்ளை, மாதாவுக்கு நீலம். இந்த வெள்ளையும் நீலமும் அந்தக் கறுப்பு அங்கிக் கூட்டமும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே தொழுகைக்கூடம் என்று பார்க்கிற யாருக்கும் தோன்றாது. போன முறை எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "பாவம், அந்த மனுசன் என்ன செய்வாரு, இந்தப் படுபாவிக விடமாட்டேங்கிறாங்களே" என்று அழுதார். பிலாத்துவுக்காக அழுதார்.

ஆனால் அதே பாட்டி ஞாயிறு பூசையில் நம்மோடு சேர்ந்து நம்பிக்கை அறிக்கை சொல்கிறார். அதில் இயேசுவுக்கும் அவர் தாய்க்கும் அப்புறம் ஒரே ஒரு மனிதனின் பெயர்தான் வருகிறது. பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு என்கிறோம். கயபா பெயர் அங்கே இல்லை. காட்டிக்கொடுத்த யூதாசு இல்லை. யூதர் என்ற சொல்லே இல்லை. திருச்சபை தன் நம்பிக்கை அறிக்கையில் யாருடைய அதிகாரத்தைச் சுட்டிக்காட்டுகிறதோ அவரையே நம் மேடை விடுதலை செய்து அனுப்புகிறது.

சரி, அந்தப் பிலாத்து எப்படிப்பட்ட ஆள்? கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம ஆளுநர் அவர். அவர் இருந்ததற்குக் கல்லே சாட்சி. 1961-இல் கடற்கரை நகரான செசரியாவில், பழைய அரங்கின் படிக்கட்டில் மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்த ஒரு கல் கிடைத்தது. அதில் அவர் பெயரும் பதவியும் லத்தீனில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர் குணத்துக்கு அவர் காலத்தவரான அலெக்சாந்திரியாவின் பிலோ சாட்சி. லஞ்சம், கொள்ளை, விசாரணையே இல்லாத தொடர் கொலைகள், அடங்காத கொடூரம் என்று பட்டியல் போடுகிறார். அதே நூற்றாண்டில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் இன்னும் விவரமாகச் சொல்கிறார்.

பதவிக்கு வந்த புதிதிலேயே பிலாத்து, பேரரசரின் உருவம் பொறித்த படைக் கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவர வைத்தார். உருவங்களை ஏற்காத நகரம் அது. மக்கள் செசரியாவுக்கு நடந்து போய் அவர் மாளிகையைச் சுற்றி ஐந்து நாள் இரவும் பகலும் தரையில் கிடந்தார்கள். ஆறாம் நாள் அவர்களைத் திடலுக்கு வரச்சொல்லி, படைவீரர்களை வைத்து வளைத்து, வாளை உருவச் செய்தார். அவர்கள் அப்படியே தரையில் விழுந்து கழுத்தைத் திறந்து காட்டினார்கள். எங்கள் சட்டத்தை மீறுவதைவிடச் சாகிறோம் என்றார்கள். பிலாத்து கொடிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாம் கறுப்பு அங்கி போட்டு மூக்கு ஒட்டிக் காட்டும் மக்கள் இவர்கள்தான். அறவழிப் போராட்டம் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அதை ஆயுதம் ஏந்திய ரோமின் முன்னால் வெறுங்கையோடு செய்து காட்டியவர்கள்.

அப்புறம் அவர் கோயில் காணிக்கைப் பணத்தை எடுத்து நகருக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் கட்டினார். எதிர்த்துக் கூடிய கூட்டத்துக்குள் சாதாரண உடையில் வீரர்களை நுழைத்து, மறைத்து வைத்திருந்த தடிகளால் அடிக்க வைத்தார். பலர் அங்கேயே செத்தார்கள். லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியை இயேசுவிடமே வந்து சொல்கிறார்கள். அவருடைய சொந்த மாநிலத்து ஆட்கள். கடைசியில் கெரிசிம் மலையில் கூடிய சமாரியரை வெட்டிச் சாய்த்ததற்காக, சிரியாவின் ஆளுநர் வித்தேலியு இந்த மனிதரைப் பதவியிலிருந்து இறக்கி, பேரரசர் முன்னால் பதில் சொல்ல ரோமுக்கு அனுப்பினார். ரோமுக்கே பொறுக்காத அளவுக்கு அவர் ஆட்சி இருந்தது. ஒரு கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்து கண்கலங்கி நின்றவராக இவரை எப்படிக் காட்டுகிறோம்?

கயபாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமைக்குருக்களின் பங்கை மூடி மறைக்க நான் சொல்லவில்லை. நற்செய்திகள் அதைச் சொல்கின்றன, மேடையும் சொல்லட்டும். ஆனால் கயபாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? பிலாத்துவுக்கு முன்பு ஆளுநராக இருந்த வலேரியு கிராத்து. அப்போது தலைமைக்குருவாக இருந்த அன்னாவை நீக்கி, அடுத்து வந்தவர்களையும் வரிசையாக மாற்றி, கடைசியில் கயபாவை நியமித்தது அவர்தான். பிலாத்து இருந்த காலம் முழுக்கக் கயபா அசையாமல் பதவியில் இருந்தார். பிலாத்துவை இறக்கிய வித்தேலியுதான் கயபாவையும் நீக்கினார். இன்னொரு செய்தி. தலைமைக்குரு திருவிழாக்களில் அணியும் திருவுடையை ரோமர் அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்திருந்தார்கள். விழா வரும்போது கொடுப்பார்கள், முடிந்ததும் வாங்கி உள்ளே வைத்து முத்திரை போட்டுவிடுவார்கள். இறைவன் முன் நிற்கும் உடைக்கே அந்நியனிடம் கையேந்த வேண்டிய நிலையில் இருந்த ஒருவர், ரோமின் கழுத்தில் கத்தி வைத்துக் காரியம் சாதித்தார் என்று நம் ஏடு சொல்கிறது. யோவான் நற்செய்தியில் அவர்கள் பேசிக்கொள்வது வேறு: இவனை விட்டுவைத்தால் ரோமர் வந்து நம் தூய இடத்தையும் இனத்தையும் அழித்துவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் பயம். அந்தப் பயத்தை ஒரு வசனத்திலாவது நாம் காட்டியதுண்டா?

சாதாரண மக்களைப் பற்றி மாற்கு சொல்வதும் நம் ஏட்டில் இல்லை. திருவிழாவின்போது இவரைப் பிடிக்க வேண்டாம், மக்களிடையே கலகம் வரும் என்று தலைவர்கள் பேசிக்கொண்டார்கள். இருட்டில் பிடித்ததே யூத மக்களுக்குப் பயந்துதான். சிலுவை சுமந்து போனபோது பெருந்திரளான மக்களும் மாரடித்து அழுத பெண்களும் பின்னால் போனதாக லூக்கா எழுதுகிறார். நம் நாடகத்தில் அந்தப் பெண்கள் மூன்று பேர், அவர்களுக்கும் மாதாவைப் போல நீல முக்காடு. அவர்கள் எருசலேமின் யூதப் பெண்கள் என்பதே மறைந்துவிடுகிறது.

சிலுவைக்கு வருகிறேன். அது ரோமரின் தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தது. "யூதர்களின் அரசர்" என்று எபிரேயம், லத்தீன், கிரேக்கம் மூன்றிலும் எழுதித் தலைக்கு மேல் அறைந்த பலகை, பேரரசருக்கு எதிராக அரசுரிமை கோரினார் என்ற குற்றச்சாட்டு. கி.பி. 116 வாக்கில் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கொஞ்சமும் பிடிக்காது. அவரும், பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் ஆளுநர் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று நேராக எழுதிவிட்டுப் போகிறார்.

அந்தச் சிலுவைகளில் தொங்கியவர்கள் யார்? யூதேயாவின் அரசன் ஏரோது செத்தபின் எழுந்த கலகத்தை அடக்க, கி.மு. 4-இல் வாரு என்ற ரோமத் தளபதி ஏறத்தாழ 2,000 யூதரைச் சிலுவையில் ஏற்றினார். இயேசு கைக்குழந்தையாக இருந்திருக்கக்கூடிய காலம். கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்து எருசலேமை முற்றுகையிட்டபோது, பசி தாங்காமல் வெளியே வந்து பிடிபட்டவர்களை நாளொன்றுக்கு ஐந்நூறு பேர், சில நாள் அதற்கும் மேல் என்று அறைந்தார்கள் என்றும், சிலுவை நட இடமும் போதவில்லை, உடல்களுக்குச் சிலுவையும் போதவில்லை என்றும் யோசேபஸ் எழுதுகிறார்.

1968-இல் எருசலேமுக்கு வடக்கே வீடு கட்டத் தோண்டியபோது ஒரு கல்லறைக் குகை கிடைத்தது. அதிலிருந்த எலும்புப் பெட்டி ஒன்றில் யெகோகனான் என்று பெயர். உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதில் பக்கவாட்டில் ஏறிய இரும்பு ஆணி. ஆணியின் நுனி வளைந்து கொக்கிபோல் ஆகிவிட்டதால் உடலை இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை. அப்படியே புதைத்திருக்கிறார்கள். சிலுவையில் அறைந்ததற்குக் கையில் கிடைத்த மிக அரிய சான்றுகளில் அது ஒன்று. அது ஒரு யூதனின் கால். அதன் படத்தை வகுப்பில் காட்டினேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், அப்ப யூதங்களையுமா அறைஞ்சாங்க?" என்று கேட்டாள். யூதர் அறைகிறவர்கள் என்றுதான் அவள் இதுவரை நம் மேடையில் பார்த்திருக்கிறாள்.

எருசலேம் விழுந்தபின் ரோம் என்ன செய்தது என்று கல்லிலும் காசிலும் இருக்கிறது. ரோமில் இன்றும் நிற்கும் தீத்து வளைவில், கோயிலின் ஏழு கிளை விளக்குத்தண்டை வீரர்கள் தோளில் தூக்கிப் போவது செதுக்கப்பட்டிருக்கிறது. யூதேயா பிடிபட்டது என்று எழுதி, ஈச்ச மரத்தடியில் ஒரு பெண் குந்தி அழும் காசுகளை அச்சடித்தார்கள். எருசலேம் கோயிலுக்கு யூதர் ஆண்டுதோறும் செலுத்திவந்த காணிக்கையை, ரோமில் அவர்கள் தெய்வமான யூப்பித்தர் கோயிலுக்கு வரியாகக் கட்ட வைத்தார்கள். 135-இல் யூதரின் இன்னொரு பெருங்கிளர்ச்சியை நசுக்கியபின் நகரின் பெயரையே மாற்றி, யூதர் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள். நற்செய்திகளில் பெரும்பாலானவை எருசலேமின் அழிவுக்குப் பிறகு, ரோமின் கண் முன்னால், கிறிஸ்தவர்கள் மேல் பேரரசன் நீரோ காட்டிய கொலைவெறியை ஏற்கெனவே கண்ட மக்களிடையே எழுதப்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து. ரோம ஆளுநரைப் பற்றிக் கவனமாக எழுத அவர்களுக்குக் காரணம் இருந்தது. நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

313-இல் ரோம் கிறிஸ்தவத்துக்குச் சுதந்திரம் கொடுத்தது. 380-இல் அதையே அரசின் சமயமாக்கியது. சிலுவையில் அறைந்த பேரரசும் சிலுவையை வணங்கும் பேரரசும் ஒன்றாகிவிட்டபோது, பழியைச் சுமக்க நாதியற்றவர்கள் தேவைப்பட்டார்கள். அதன் விலையை யூதர் நூற்றாண்டுக் கணக்கில் கொடுத்தார்கள். புனித வாரம் வந்தால் கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரோமில் கொலோசியத்தில் நடந்துவந்த பாடுகளின் நாடகம் 1539-இல் நிறுத்தப்பட்டதற்குக் காரணமே, அதைப் பார்த்துவிட்டுப் போன கூட்டம் யூதர்களைத் தாக்கியதுதான். நாடகம் பார்த்துவிட்டுப் போன கூட்டம்!

ஜெர்மனியில் ஓபரம்மர்காவ் என்ற மலை ஊரில் 1634 முதல் இந்த நாடகம் நடக்கிறது. கொள்ளைநோய்க்குத் தப்பினால் நடத்துவோம் என்று நேர்ந்துகொண்ட ஊர், நம் ஊரைப் போலவே. ஹிட்லர் 1930-இலும் 1934-இலும் போய்ப் பார்த்தார். யூதரைப் பற்றித் தான் சொல்வதை அந்த நாடகம் நன்றாகக் காட்டுகிறது என்று பின்னாளில் புகழ்ந்தார். அந்த ஊர் மக்கள் தங்கள் நேர்ச்சையைக் கைவிடவில்லை. ஏட்டை மாற்றினார்கள். குருக்களின் கொம்புத் தொப்பிகள் போயின. இரத்தப்பழி வசனம் போனது. பிலாத்து மிரட்டும் கொடுங்கோலரானார். கூட்டத்தில் இயேசுவுக்காகக் குரல் கொடுக்கும் யூதரும் வந்தார்கள். இராவுணவில் இயேசு எபிரேயத்தில் அப்பத்தையும் இரசத்தையும் வாழ்த்துகிறார். நாடகம் பார்க்க இன்றும் உலகமே அங்கே போகிறது. நாமோ அவர்கள் கழற்றி எறிந்த கொம்பை இன்னும் கயபாவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

"வேதத்தில் உள்ளதைத்தானே போடுகிறோம்" என்று குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னார். வேதத்தை எப்படி வாசிப்பது என்று திருச்சபை சொல்லியிருக்கிறது. 1965 அக்டோபர் 28 அன்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர் மேலும் வேறுபாடின்றியோ, இன்று வாழும் யூதர் மேலோ சுமத்த முடியாது என்கிறது. அதற்கும் முன்பே, 1566-இல் திரெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல், பாவம் செய்யும் நம் குற்றம் யூதரின் குற்றத்தைவிடப் பெரியது என்று எழுதியது. பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரைப் பழிக்கும் அடைமொழியைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இல் நீக்கினார். இன்று பகல் மூன்று மணி வழிபாட்டில், கடவுள் முதன்முதலில் பேசிய மக்கள் என்று சொல்லி நாம் யூதருக்காக முழந்தாளிட்டு மன்றாடுகிறோம். இரவு ஒன்பது மணிக்கு அதே வளாகத்தில், அதே மைக் செட்டில், அவர்கள் பிள்ளைகள் தலையில் இரத்தப்பழி போடுகிறோம்.

"இங்கே யூதர் யார் இருக்கிறார்கள், யாருக்கு வலிக்கப்போகிறது?" என்பது இன்னொரு பதில். மறைக்கல்விப் பிள்ளைகளைக் கொச்சிக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது, மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடத்துக்கும் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். தரை முழுக்கச் சீனத்திலிருந்து வந்த வெள்ளையும் நீலமுமான ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. பிள்ளைகள் குனிந்து தரையைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். அப்போது பையன் ஒருவன் என் சட்டையை இழுத்து, "சார், இயேசுவைக் கொன்னவங்க கோயிலா இது?" என்றான். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். அந்த வார்த்தை அங்கே இருந்த யாருக்கும் கேட்டிருக்காது. அவன் மனசுக்குள் அது இருக்கிறதே, அதுதான் என் வலி.

காசாவைச் சொல்லி வாதாடியவர்களும் உண்டு. அங்கே குழந்தைகள் சாவதைப் பார்த்து எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ஒரு அரசு செய்வதை அந்த அரசின் கணக்கில் வைத்துக் கண்டிப்போம், சத்தமாகவே கண்டிப்போம். அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கொலைப்பழியை ஓர் இனத்தின் மேல் ஏற்றத் தேவையில்லை. இனத்தின் மேல் பழி போட்டால் என்ன ஆகும் என்பது தமிழர்களாகிய நமக்குத் தெரியாததா?

ஏட்டை எழுதிய பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் எழுதியபோது சங்கத்தின் ஏடு இல்லை, அந்தக் கல்லும் கிடைக்கவில்லை, அந்த எலும்பும் கிடைக்கவில்லை. நமக்கு எல்லாம் கிடைத்திருக்கிறது. அவர்களின் பாட்டுகளையும், மாதாவின் புலம்பலையும், நான் மனப்பாடமாகச் சொல்லும் கெத்சமனி விருத்தத்தையும் யாரும் தொட வேண்டாம்.

நான் கேட்பது இவை. மறைக்கல்விப் பிள்ளைகளை அந்தக் கூட்டத்தில் நிறுத்தும் முடிவை உடனே திரும்பப் பெறுங்கள். இது மட்டும் பேச்சுவார்த்தைக்கு உரியதல்ல, பெற்றோர் சிலரும் என்னோடு இருக்கிறார்கள். இரத்தப்பழி வசனத்தை ஏட்டிலிருந்து நீக்குங்கள். கொம்புத் தொப்பியையும் ஒட்டு மூக்கையும் எரித்துவிடுங்கள். இயேசுவுக்கும் மாதாவுக்கும் சீடர்களுக்கும் எருசலேம் மக்களுக்கும் ஒரே வகை உடை தையுங்கள். துணிச் செலவில் ஒரு பகுதியை நானே தருகிறேன். பிலாத்தின் காட்சிக்கு முன்னால், கலிலேயர் கொல்லப்பட்ட செய்தியை இயேசுவிடம் சொல்லும் காட்சியையும், தலைமைக்குருவின் உடையை ரோம வீரன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் காட்சியையும் சேருங்கள். இரண்டையும் எழுதி ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன், அவை செயலாளரிடம் இருக்கின்றன. கை கழுவும்போது பிலாத்துவின் முகத்துக்கு மட்டும் அடிக்கும் விளக்கை அணையுங்கள். கூட்டத்தில் இயேசுவை விட்டுவிடச் சொல்லி அழும் யூதர் நாலைந்து பேராவது இருக்கட்டும். நாடகம் தொடங்குமுன் 1965-இன் அந்தப் பகுதியைப் பங்குத்தந்தை தம் வாயால் வாசிக்க வேண்டும்.

சாம்பல் புதனன்று ஒத்திகை தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஞாயிறுக்குள் பேரவையைக் கூட்டி, என் திருத்தங்களை எல்லார் முன்னும் வாசித்து, ஏற்பதா மறுப்பதா என்று காரணத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள். மறுத்தால், என் வகுப்புப் பிள்ளைகள் யாரையும் ஒத்திகைக்கு அனுப்ப மாட்டேன். இந்த மடலின் நகலை ஆயர் இல்லத்துக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்